சீஸ்டார் எஸ்50: சென்தூல் மொட்டைமாடியிலிருந்து ஹெர்குலிஸ் கேலக்ஸிக் கூட்டம்

சீஸ்டார் எஸ்50 என்ற சின்னத் தானியங்கித் தொலைநோக்கியை வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் பலரும் கைப்பேசியில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அதில் அடிக்கடி வருவது ஆர்ப் 272. என்ஜிசி 6050, ஐசி 1179 என்ற இரண்டு சுருள் கேலக்ஸிகள், சுருள் கைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்க, பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு சின்னதும் இருக்கும். ஹப்பிள் விண்ணுக்குப் போன 18ஆம் ஆண்டு நிறைவுக்கு, 2008 ஏப்ரல் 24 அன்று, மோதும் கேலக்ஸிகளின் 59 படங்களை ஒன்றாக வெளியிட்டார்களே, அதில் ஒன்று. "இத நம்ம கேஎல்லேருந்து எடுக்க முடியுமாண்ணே?" என்று எங்கள் கோலாலம்பூர்க்காரர்கள் கேட்பார்கள்.

எடுக்கலாம். ஆனால் இரண்டு கேலக்ஸிகளும் சேர்ந்து திரையில் ஓர் அரிசி மணி அளவுக்குத்தான் வரும், சுருள் கைகள் தெரியாது. அதற்காக இந்தத் தொலைநோக்கி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த ஜோடி இருக்கும் கூட்டம் முழுவதும், ஹெர்குலிஸ் கேலக்ஸிக் கூட்டம், ஒரே படத்துக்குள் வந்து விழுகிறது. அதுவும் நகரத்து நடுவிலிருந்து. ஜோடிக்காக வாங்கினால் வருத்தப்படுவீர்கள், கூட்டத்துக்காக வாங்கினால் இந்த விலையில் இதற்கு ஈடான கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன், நம் ஊர் வானத்தில் இதை எப்படி ஓட்டினால் படம் வரும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி. இசட்டபிள்யூஓ என்ற சீன நிறுவனம் 2023இல் கொண்டுவந்தது. 50 மி.மீ. விட்ட லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரம், சோனி ஐஎம்எக்ஸ்462 சென்சார், எடை 2.5 கிலோ. கண் வைத்துப் பார்க்கும் துளையே கிடையாது, எல்லாம் கைப்பேசிச் செயலியில்தான். முக்காலியில் திருகி, மட்டம் பார்த்து, செயலியில் ஒரு பெயரைத் தட்டினால் அதுவே வானத்தைப் படமெடுத்து, நட்சத்திரங்களின் அமைப்பை வைத்துத் தான் எங்கே பார்க்கிறோம் என்று கணக்குப் போட்டு, கேட்ட இடத்துக்குத் திரும்பி நிற்கும். அப்புறம் 10, 20 அல்லது 30 விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். 64 ஜிபி சேமிப்பு, பனி படியாமல் லென்ஸைச் சூடாக்கும் வசதி, சூரியனைப் பார்க்கத் தனி வடிகட்டி, எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. விலை இரண்டாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல். நம் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

பயன்படுத்துவது எளிது என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், உண்மைதான், அக்கா மகன் பத்து வயதுப் பையன், நான் பக்கத்தில் இல்லாமலே நிலாவைப் பிடித்துவிடுகிறான். அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்தூலில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடி. தென்கிழக்கே இரட்டைக் கோபுரத்து வெளிச்சம், கீழே தெருவிளக்கு, வெறுங்கண்ணால் எண்ணிவிடக்கூடிய நட்சத்திரங்கள். அங்கே வைத்து, செயலியில் என்ஜிசி 6050 என்று தேடி அனுப்பினால், முதல் சில நிமிடங்களுக்கு ஒன்றும் தெரியாது. சாம்பல் நிறப் பின்னணி, அங்கங்கே நட்சத்திரம், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் அடுக்கவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரம் என்று நினைத்த சில புள்ளிகள் விளிம்பு மங்கலாக, கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஆனால் அவை எத்தனை என்று எண்ணத் தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு கேலக்ஸி. நம் பால்வீதியைப் போல நட்சத்திரங்களைக் கோடிக்கணக்கில் வைத்திருக்கும் கேலக்ஸிகள், ஒரே சட்டத்துக்குள், நம்ம சென்தூலிலிருந்து. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சட்டம் என்று சொன்னேன் அல்லவா, அதன் அளவு ஏறக்குறைய 0.7 பாகைக்கு 1.3 பாகை. முழு நிலா அரை பாகை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எவ்வளவு வானம் என்று புரியும். ஹெர்குலிஸ் கூட்டத்தின் நடுப்பகுதிக்கு இது அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. இன்னொன்றும் கிடைக்கிறது. ஆர்ப் 272 மட்டுமில்லை, அதே படத்துக்குள் ஆர்ப் 71, ஆர்ப் 122 என்று இன்னும் இரண்டு விசித்திர ஜோடிகள் இருக்கின்றன. ஆர்ப் 71 என்பது என்ஜிசி 6045, விளிம்பை நமக்குக் காட்டிக்கொண்டு நிற்கும் சுருள் கேலக்ஸி. படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும், அதனால் அடையாளம் காண அதுதான் சுலபம். முதலில் அந்தக் கோட்டைக் கண்டுபிடியுங்கள், அதை வைத்து மற்றவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஆலடின் லைட் என்ற இலவச இணைய வான்வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர் பார்ப்பது, படம் எடுப்பதைவிட எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

சரி, சுருள் கைகள் ஏன் தெரியாது? சென்சாரின் ஒரு புள்ளி வானத்தில் 2.4 ஆர்க்செகண்ட் அளவைப் பார்க்கிறது (ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). என்ஜிசி 6050 முழுவதுமே ஓர் ஆர்க்நிமிடத்துக்கும் குறைவு, அதாவது 60 ஆர்க்செகண்ட்கூட இல்லை. கணக்குப் போட்டால் இருபது சொச்சம் புள்ளிக்குள் மொத்தக் கேலக்ஸியும் அடங்கிவிடுகிறது, அதில் எங்கே சுருள் கையை வரைவது? ஹப்பிளின் கண்ணாடி விட்டம் 2.4 மீட்டர், இதன் லென்ஸைப்போல் 48 மடங்கு. அதன் ஏசிஎஸ் கேமராவின் ஒரு புள்ளி 0.05 ஆர்க்செகண்ட், அதுவும் 48 மடங்கு நுணுக்கம். அதற்கு மேல் அது காற்றுமண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. நம்முடையதோ கோம்பாக் ஆற்றின் ஈரக்காற்றுக்குள் இருக்கிறது. எந்த மென்பொருளும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. யாராவது எஸ்50இல் எடுத்த ஆர்ப் 272 என்று சுருள் கைகளோடு ஒரு படம் போட்டால், அந்தக் கைகளைக் கணினிதான் வரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த மங்கல் எது என்று தெரிந்து பார்ப்பது தனி அனுபவம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

ஆர்ப் என்பது ஹால்டன் ஆர்ப் என்ற வானியலாளரின் பெயர். இயல்பான வடிவத்தில் இல்லாத கேலக்ஸிகளைத் தேடித் தேடிப் படமெடுத்து 338 எண்ணிட்டு 1966இல் ஓர் அட்லஸ் வெளியிட்டார். வால் நீண்டவை, வளைந்தவை, ஒன்றோடொன்று பாலம் போட்டவை என்று எல்லாம் அதில் இருக்கின்றன. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதில் அப்போது பெரிய விவாதம். 1972இல் ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் கணினியில் இரண்டு கேலக்ஸிகளை அருகருகே ஓடவிட்டுக் காட்டினார்கள், வெறும் ஈர்ப்பே போதும், வாலும் பாலமும் தானாக உருவாகும் என்று. எனக்கு அதைவிடவும் பிடித்தது அதற்கு முந்தைய கதை. கணினி இல்லாத 1941இல் சுவீடனைச் சேர்ந்த எரிக் ஹோம்பர்க் என்பவர் ஒரு கேலக்ஸிக்கு 37 என்று மொத்தம் 74 மின்விளக்குகளை மேசையில் பரப்பினார். வெளிச்சமும் ஈர்ப்பைப் போலவே தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், ஒவ்வொரு விளக்கு இருக்கும் இடத்திலும் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்தால் அங்கே எவ்வளவு ஈர்ப்பு என்று தெரிந்துவிடும். அளந்து, விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அளந்து, இப்படியே இரண்டு கேலக்ஸிகளை ஒன்றையொன்று கடக்க வைத்தார். அந்தப் பொறுமையை நினைத்தால், மேகம் விலகக் காத்திருப்பதை ஒரு கஷ்டமாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

மோதல் என்று சொல்கிறோமே தவிர நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அவற்றுக்கிடையே அவ்வளவு இடைவெளி. முட்டிக்கொள்வது வாயு மேகங்கள்தான், அவை நெருக்கப்பட்டுப் புதிய நட்சத்திரங்கள் பிறக்கும், ஹப்பிள் படங்களில் அந்த நீலம் அங்கிருந்துதான் வருகிறது. ஹெர்குலிஸ் கூட்டத்தில் இது விசேஷம். கோமா கூட்டம் போன்ற பெரிய கூட்டங்களின் நடுவில் பெரும்பாலும் வாயு தீர்ந்துபோன, சுருள் கைகள் இல்லாத முட்டை வடிவக் கேலக்ஸிகள்தான் இருக்கும். ஹெர்குலிஸில் சுருள் கேலக்ஸிகள் ஏராளம். கூட்டமே இன்னும் ஒழுங்காகச் சேர்ந்து முடியவில்லை, துண்டு துண்டாக வந்து கூடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை ஜோடிகள் ஒரே சட்டத்துக்குள் கிடைக்கின்றன. 1989இல் மார்கரெட் கெல்லர், ஜான் ஹூக்ரா இருவரும் கண்டறிந்த பெருஞ்சுவர் என்ற கேலக்ஸிகளின் நீண்ட தொடரில் இந்தக் கூட்டமும் ஒரு பகுதி.

தூரம் 45 கோடி ஒளியாண்டிலிருந்து 50 கோடிக்குள். இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு இதன் அர்த்தம் என்ன என்றால், பத்துமலைக் குகையின் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கும் முன்னாலேயே இந்த ஒளி கிளம்பிவிட்டது. தைப்பூசத்துக்கு ஏறும் அந்த மலை அப்போது மலையே இல்லை, கல்லும் இல்லை. எங்கள் மாடியிலிருந்து பத்துமலை வடக்கே கொஞ்ச தூரம்தான், அந்த ஒளி அதன் பக்கத்திலேயே வந்து ஒரு 50 மி.மீ. லென்ஸுக்குள் விழுகிறது. நான் இதைச் சொன்னபோது கீழ்வீட்டுப் பெரியவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேரித் தீவுப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "தோட்டத்துல விடியக்காலைல பெரட்டுக்குப் போறப்ப வானம் முழுக்கப் பால் சிந்துன மாதிரி இருக்கும் தம்பி, இங்க வந்தப்புறம் மேல பாக்குறதையே விட்டுட்டேன்" என்றார். இப்போது நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தால் அவரும் நாற்காலியோடு வந்துவிடுகிறார்.

அவரை மேலே பார்ப்பதை விடவைத்த நகர வெளிச்சம்தான் அடுத்த விஷயம். செயலியில் ஒளிமாசு வடிகட்டி என்று ஒன்று இருக்கிறது, கேஎல் போன்ற ஊரில் அதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். விண்வெளி வாயு மேகங்களான நெபுலாக்களுக்குச் சரி, பிரமாதமாக வேலை செய்கிறது. கேலக்ஸிக்கு அதைத் தொடவே வேண்டாம். அந்த வடிகட்டி ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளியிடும் இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் உள்ளே விடும். கேலக்ஸியின் ஒளி நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறத்திலும் பரவியிருக்கும், அதில் பெரும்பகுதியை வடிகட்டி வெட்டிவிடும். ஹெர்குலிஸ் கூட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது நம்மைவிட்டு நொடிக்கு ஏறக்குறைய 11,000 கி.மீ. வேகத்தில் விலகுவதால், 656 நானோமீட்டரில் வரவேண்டிய ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி 680 பக்கம் நகர்ந்துவிடுகிறது. வடிகட்டியின் சிவப்புப் பட்டை மொத்தமே 20 நானோமீட்டர் அகலம்தான். ஆக, புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்தின் சிவப்புகூட உள்ளே வராது. பிரபஞ்சம் விரிவதை ஒரு வடிகட்டி பொத்தானில் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. செயலி சில சமயம் தானாகவே அதைப் போட்டுவிடும், ஆகவே ஆரம்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வடிகட்டி இல்லையென்றால் என்ன வழி? நேரம்தான். படங்களை அடுக்க அடுக்க இரைச்சல் (படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் கரகரப்பு) குறையும், ஆனால் வர்க்கமூல விகிதத்தில்தான் குறையும், ஒரு மணி நேரப் படத்தைப்போல் இரண்டு மடங்கு சுத்தம் வேண்டுமென்றால் நான்கு மணி நேரம் வேண்டும். வெவ்வேறு இரவுகளில் எடுத்ததையும் சேர்க்கலாம் என்பதால் மேகம் வந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. தனித்தனிப் படங்களைச் சேமிக்கும் வசதியை அமைப்பில் போட்டுவையுங்கள், பிறகு சிரில் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாக அடுக்கினால் செயலியில் கிடைப்பதைவிடத் தெளிவாக வருகிறது. செயலியில் இருக்கும் ஏஐ இரைச்சல் நீக்கியை இந்தப் படத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை. பின்னணியை வழுவழுப்பாக்குகிறேன் என்று மிக மங்கலான கேலக்ஸிகளையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. இந்தக் கூட்டத்தைப் பார்ப்பதே அந்த மங்கலானவற்றுக்காகத்தானே.

இப்போது, நம் ஊரில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லாத, நான் இந்த விமர்சனம் எழுதுவதற்கே காரணமான விஷயம். இது மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் கருவி. அப்படிப்பட்ட கருவியில் வானத்தைத் தொடர்ந்து பார்த்தால் பொருள் நடுவிலேயே இருக்கும், ஆனால் படம் மெல்லச் சுழலும். இந்தச் சுழற்சி நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் மிக அதிகம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் "பொருள் உச்சத்தில் இருக்கும்போது எடு, காற்று குறைவு" என்று சொல்வார்கள். கேஎல் இருப்பது வடக்கே 3 பாகையில். ஹெர்குலிஸ் கூட்டம் நமக்கு 75 பாகை உயரம் வரை ஏறும். அந்த உச்சத்தில் படம் மணிக்கு ஏறக்குறைய 60 பாகை வேகத்தில் சுழல்கிறது. பத்தே விநாடியில் ஓரத்து நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டுவிடும். அதே கூட்டம் கிழக்கே 30 பாகை உயரத்தில் இருக்கும்போது சுழற்சி மணிக்கு 5 அல்லது 6 பாகைதான், 60 பாகை உயரத்தில் சுமார் 15. ஆகவே நம் ஊரில் விதி வேறு: கிழக்கே 30க்கும் 60க்கும் நடுவில் பிடியுங்கள், உச்சிக்குப் போகும்போது நிறுத்திவிட்டுக் கீழே போய்த் தேநீர் குடியுங்கள், மேற்கே 60க்கு இறங்கியதும் மறுபடி ஆரம்பியுங்கள்.

நேரமாகச் சொன்னால், ஏப்ரல் கடைசியில் கிழக்குப் பக்க வாய்ப்பு இரவு 11 மணி வாக்கில் தொடங்கி 1 மணி கடக்கும் வரை. மே கடைசியில் இரண்டு மணி நேரம் முன்னாலேயே, 9 மணி வாக்கிலிருந்து 11 மணி கடக்கும் வரை, வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தோது. ஜூன் கடைசியில் முழுதாக இருட்டும்போது கிழக்கு வாய்ப்பு முக்கால்வாசி முடிந்திருக்கும், ஆனால் மேற்குப் பக்கம் 1 மணிக்கு மேல் கிடைக்கும். ஜூலைக் கடைசியில் மேற்கே 11 மணியிலிருந்து 1 மணி வரை. ஒவ்வொரு வாய்ப்பும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அதற்குள் நிலா இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அதற்குத்தான் ஈக்வடோரியல் முறை வந்துவிட்டதே" என்று சிலர் கேட்கலாம். பின்னால் வந்த மென்பொருளில் அது வந்தது உண்மை. கருவியைச் சாய்த்து அதன் அச்சு வான்துருவத்தைப் பார்க்கும்படி வைத்தால் சுழற்சியே இருக்காது. ஆனால் துருவம் நமக்கு அடிவானத்திலிருந்து 3 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அதாவது கருவியைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். கூட வரும் முக்காலி அதற்குச் செய்ததில்லை, இரண்டரைக் கிலோவைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் சாய்ந்து விழும். கனமான முக்காலியும் அதற்கென்று வளைகோணத் தாங்கியும் வாங்கினால் முடியும்தான், அப்படி வாங்குகிற செலவுக்கு இன்னொரு பொருள் வாங்கிவிடலாம். கேஎல், பினாங்கு, ஜொகூர் எங்கே இருந்தாலும் நம் நாட்டில் இதே நிலைதான். சாதாரண முறையில், நான் மேலே சொன்ன நேரத்தில் எடுத்தாலே போதும்.

வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடி மழை கொட்டும், மனம் உடைந்து பெட்டியை மூடிவிடாதீர்கள். மழை காற்றைக் கழுவிவிட்டுப் போன பிறகு, நள்ளிரவுக்குப் பக்கத்தில் மேகம் கலைந்தால், அதைப்போல் தெளிவான வானம் வேறெப்போதும் கிடைப்பதில்லை. ஜூனுக்கு மேல் மழை குறையும், ஆனால் புகைமூட்டம் வந்தால் நட்சத்திரம் இருந்தும் பயனில்லை, நகர வெளிச்சம் எல்லாம் புகையில் பட்டுத் திரும்பி வந்துவிடும். ஈரப்பதம் எப்போதும் இருக்கிறது, பனி நீக்கும் சூடேற்றியை முதலிலிருந்தே போட்டுவையுங்கள். அது பேட்டரியைத் தின்னும் என்பதால் ஒரு பவர்பேங்க் கையில் இருக்கட்டும்.

முடிந்தால் ஒருமுறையாவது ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள். இந்தக் கருவியின் பெரிய பலமே இதுதான், ஒரு முதுகுப்பையில் அடங்கிவிடுகிறது. நாங்கள் செகின்சான் வயல் பக்கம் போனோம், அக்கா குடும்பமும் நாங்களும். பின்னணி வானம் ஒரு படி (வானியலில் மேக்னிட்யூட் என்ற அளவு) இருண்டால் அதன் வெளிச்சம் 2.5 மடங்கு குறையும், இரண்டு படி இருண்டால் ஆறு மடங்குக்கு மேலும், மூன்று படி இருண்டால் பதினைந்து மடங்குக்கு மேலும் குறைந்துவிடும். அதனால் சென்தூலில் இரவுக்கணக்கில் சேர்த்தது அங்கே ஒரே வாய்ப்பில் வந்துவிட்டது. ஆர்ப் 272 அங்கேயும் அரிசி மணிதான், அளவு மாறாது. ஆனால் அது ஒன்றில்லை, ஒட்டிக்கொண்ட இரண்டு என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிந்தது, ஒரு பக்கம் சற்றுத் தடித்து, நடுவில் இரண்டு பிரகாசமான இடங்கள். அக்கா மகன் "மாமா, ரெண்டு இருக்கு!" என்று கத்தியதை என்னால் மறக்க முடியாது. கூட்டத்தில் இருக்கும் மற்ற மங்கல்களை எண்ண ஆரம்பித்தான், காடியில் ஏறும் வரை எண்ணிக்கொண்டே இருந்தான். கொசுவர்த்தியும் முழுக்கைச் சட்டையும் மறக்காதீர்கள்.

சுருள் கைகளையே பார்த்தாக வேண்டும் என்றால் கிட்டத்தில் இருக்கும் ஜோடிகளுக்குப் போங்கள், அங்கே எஸ்50 ஏமாற்றாது. எம்51, நீர்ச்சுழல் கேலக்ஸி, தன் சின்னத் துணையோடு சேர்ந்து நிற்கும் பெரிய சுருள், வானத்தில் 11 ஆர்க்நிமிட அகலம், அதாவது சென்சாரில் 270 புள்ளிக்கு மேல். நகரத்திலிருந்தே ஒரு மணி நேரத்தில் கைகள் தெளிவாகத் தெரிகின்றன, துணையை நோக்கி நீளும் கை உட்பட. நமக்கு அது வடக்கே 46 பாகைக்கு மேல் ஏறாது, அதனால் உச்சத்தில்கூடச் சுழற்சி தொல்லை தருவதில்லை. காகம் என்ற கோர்வஸ் தொகுதியில் இருக்கும் உணர்கொம்புக் கேலக்ஸிகள், என்ஜிசி 4038, 4039, இன்னொன்று. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டித் தவழும், நமக்கு 68 பாகை வரை ஏறுகிறது, இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இரண்டும் இதயம்போல் ஒட்டிக்கிடக்கும் உடல்கள் நகரத்திலேயே கிடைக்கும், அந்த நீண்ட வால்களுக்கு மட்டும் செகின்சான் போன்ற இருட்டு வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் இந்த இரண்டையும் முடித்துவிட்டு ஹெர்குலிஸுக்கு வந்தால், அரிசி மணியைப் பார்க்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று மனத்தில் ஒரு படம் ஏற்கெனவே இருக்கும்.

எஸ்30 மலிவாக இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: நெபுலாவும் பால்வீதியும்தான் ஆசை என்றால் போதும், சட்டம் அதில் இன்னும் அகலம். கேலக்ஸி ஜோடிகள் வேண்டுமென்றால் வேண்டாம். 30 மி.மீ. லென்ஸ், 150 மி.மீ. குவியத் தூரம், ஒரு புள்ளிக்கு 4 ஆர்க்செகண்ட், ஆர்ப் 272 அதில் ஒரு தடித்த நட்சத்திரமாகத்தான் நிற்கும். எஸ்50ஐ உள்ளூரில் உத்தரவாதம் தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள், சற்று விலை கூடினாலும் பரவாயில்லை. கண்ணால் நேரடியாகப் பார்க்கும் சுகம் வேண்டும் என்பவர்கள் இதை வாங்காதீர்கள், அதே காசுக்குக் கண் வைத்துப் பார்க்கும் நல்ல டாப்சோனியன் தொலைநோக்கி கிடைக்கும், நிலாவும் சனி வளையமும் அதில்தான் அழகு. ஆனால் டாப்சோனியனில் ஹெர்குலிஸ் கூட்டத்தைச் சென்தூலிலிருந்து பார்க்க முடியாது, வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மங்கலான பொருள்கள் அவை. எங்கள் மாடியில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் மே மாதம் நிலா இல்லாத வாரத்தில் சொல்லிவிட்டு வாருங்கள், 9 மணிக்கு முக்காலி வைத்திருப்பேன், பெரியவர் நாற்காலியோடு இருப்பார், நீங்களும் ஒன்று கொண்டுவந்தால் நல்லது.